நாலே பல் பிளேடு: ஆறு மாதம் அறுத்த பிறகு

எல்லாம் கூழ்வத்தலில் ஆரம்பித்தது. மதுரையில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் சிமெண்ட் போர்டு வைத்து அறை தடுத்துக்கொண்டிருந்தோம். மார்பிள் கட்டரில் டைமண்ட் பிளேடு மாட்டி 8 எம்.எம். போர்டை அறுக்க, பக்கத்து மாடியில் காய்ந்த வத்தல் முழுக்கச் சாம்பல் பூச்சு. "வத்தலுக்கு சிமெண்ட் பூசச் சொல்லி நானா கூப்பிட்டேன் தம்பி?" என்றார் அந்த அம்மா. அரிசி வாங்கிக் கொடுத்துத் தப்பித்தோம்.

அப்புறம்தான் பி.சி.டி. (பாலிகிரிஸ்டலைன் டைமண்ட்) பிளேடு வாங்கினேன். 7 இஞ்ச் சர்க்குலர் சாவில், அதாவது வட்ட ரம்பத்தில் மாட்டுவது. சுற்றிலும் மொத்தம் 4 பல். மரம் அறுக்கும் 40 பல் பிளேடு பார்த்துப் பழகிய எனக்கு, பொக்கை வாய்க் கிழவர் சிரித்த மாதிரி இருந்தது. விலை கேட்டால் சிரிப்பு வராது. அந்தக் காசுக்கு மரப் பிளேடு ஐந்தாறு வாங்கலாம்.

ஆனால் வித்தியாசம் முதல் போர்டிலேயே தெரிந்தது. டைமண்ட் பிளேடு விளிம்பில் உள்ள வைரத்துகள் போர்டைத் தேய்த்துத்தான் வழி உண்டாக்கும், தேய்ப்பதெல்லாம் மாவாகும். அதில் சிலிக்கா இருக்கிறது. வருஷக்கணக்கில் மூச்சில் போனால் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய், வந்தால் குணமாகாது. பி.சி.டி. பிளேடு தேய்ப்பதில்லை, கொத்துகிறது. பல் குறைவாக இருப்பதால் ஒவ்வொன்றும் பெரிதாகக் கடிக்கிறது. விழுவது ரவை பதத்தில், பாதி என் செருப்பு மேலேயே விழுகிறது. மெல்லிய தூசியும் கொஞ்சம் பறக்கத்தான் செய்யும், மாஸ்க்கைக் கழற்றவில்லை. மரப் பிளேடில் இருக்கும் சாதாரண கார்பைடு பல் சிமெண்டில் சீக்கிரமே மழுங்கிவிடும். இது செயற்கை வைரத்துகளை உயர் அழுத்தத்தில் இறுக்கிச் செய்த பல், ஆறு மாதமாக அறுத்தும் ஓரம் சுத்தமாக வருகிறது.

கடினம் இருக்கும் அளவுக்குத் தாங்கும் தன்மை இல்லை, அதுதான் குறை. பழைய தடுப்பைப் பிரித்து அறுத்தபோது உள்ளே ஒரு ஸ்க்ரூ இருந்ததைப் பையன் கவனிக்கவில்லை. டக் என்று ஒரு சத்தம், ஒரு பல் முனை காலி. மீதி மூன்றும் நன்றாக இருந்தாலும் அந்த பிளேடை மாட்டக் கூடாது. இரண்டாவது வாங்கினேன், வலித்தது. வளைவு அறுக்கவும் இது ஆகாது.

இன்னொன்று. விற்ற கடைக்காரர், "ஆங்கிள் கிரைண்டரிலும் மாட்டலாம் அண்ணே" என்றார். தயவுசெய்து மாட்டாதீர்கள். என் சர்க்குலர் சா நிமிடத்துக்கு 5,000 சுற்றுச் சொச்சம். 7 இஞ்ச் கிரைண்டர் 8,500. பல் வைத்த பிளேடு கிரைண்டரில் எகிறினால் கை இருக்காது.

ஜிப்சம் போர்டுக்கு இதெல்லாம் வேண்டவே வேண்டாம். 18 எம்.எம். ஒடிக்கிற கத்தியால் மேல் காகிதத்தைக் கீறி, முழங்காலால் தட்டி மடக்கி, பின் காகிதத்தை அறுத்தால் முடிந்தது. 1956-ல் ஜப்பானில் ஒகாடா யோஷியோ என்பவர், உடைந்த கண்ணாடியின் கூர் விளிம்பையும் சாக்லேட் கட்டியின் கோடுகளையும் பார்த்து இந்த பிளேடைக் கண்டுபிடித்தார். அவர் கம்பெனியின் ஓல்ஃபா என்ற பெயரே 'ஒரு ஹா' என்பதிலிருந்து வந்தது. அங்கே 'ஒரு' என்றால் ஒடி, 'ஹா' என்றால் பிளேடு. நம் ஆட்களோ ஒடிக்க மனசு வராமல் மழுங்கிய முனையிலேயே இழுத்துக் காகிதத்தைக் கிழிப்பார்கள். ஒடித்த துண்டை டப்பாவில் போடுங்கள், என் குதிகாலில் ஒன்று ஏறியிருக்கிறது.

மாதத்துக்கு நாலைந்து சிமெண்ட் போர்டுதான் வேலை என்றால் பி.சி.டி. வாங்க வேண்டாம். கிளி மூக்கு மாதிரி கார்பைடு முனை வைத்த கீறுகத்தி போதும். 6 எம்.எம். போர்டில் பட்டியை வைத்து ஏழெட்டு இழுப்பு, அப்புறம் மடக்கினால் படக்கென்று ஒடியும். ஓரம் சொரசொரப்பாக வரும், உப்புத்தாள் போட்டால் சரியாகிவிடும். கரண்ட் வேண்டாம், பக்கத்து மாடி வத்தலும் பத்திரம்.