விலை ஓரிடத்தில், காட்டுவது மூன்றிடத்தில்: ஷார்ட்கோடா, பிளாக் பைண்டிங்கா?

வலைத்தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸில் ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கடைக்குப் பக்கம் போடுகிறீர்கள் என்று வையுங்கள். கடலை எண்ணெய் லிட்டர் 320 ரூபாய். அந்த விலை தலைப்புக்குக் கீழே வரும், பத்திக்கு நடுவில் வரும், கடைசியில் பட்டனிலும் வரும். மூன்றையும் கையால் அடித்தால் விலை ஏறும் நாளில் ஒன்றை மறப்போம். நான் மறந்து, வாங்கிக் கட்டிக்கொண்டும் இருக்கிறேன். அதனால் விலையைக் கஸ்டம் ஃபீல்டில் (பக்கத்தோடு சேர்த்துத் தகவலைத் தனியே சேமிக்கும் பெயரிட்ட இடம்) ஒரே தடவை எழுதிவிட்டு, அங்கிருந்து எடுத்துக் காட்டுவதே சரி. எப்படி எடுப்பது என்பதில்தான் இரண்டு கட்சி.

ஷார்ட்கோடு என்பது அடைப்புக்குறிக்குள் எழுதும் குறிச்சொல்; பக்கம் திறக்கும்போது அந்த இடத்தில் உண்மையான விலை வந்து உட்காரும். இது பழைய ஆள், 2008இல் வந்த வேர்ட்பிரஸ் 2.5 பதிப்பிலிருந்து இருக்கிறது. "லிட்டர் [விலை] ரூபாய்தான்" என்று வாக்கியத்துக்கு நடுவிலேயே செருகலாம். அதுதான் அதன் பலம். ஆனால் எடிட்டரில் விலை தெரியாது, அடைப்புக்குறிதான் தெரியும். அதை இயக்கும் பிளக்இன்னை (கூடுதல் வசதிக்கான துணை நிரல்) நிறுத்தினாலோ வாசகர் கண்ணுக்கும் அதே அடைப்புக்குறிதான். எச்டிஎம்எல் ஆட்ரிபியூட்டுக்குள் (இணைப்பின் முகவரி போல, பக்கக் குறியீட்டின் டேகுக்குள் எழுதும் மதிப்பு) வைப்பதும் ஆபத்து: 2015இல் 4.2.3 பாதுகாப்புப் பதிப்பு அங்கே ஷார்ட்கோடின் கையைக் கட்டியதும் பல தளங்கள் ஒரே இரவில் உடைந்தன.

பிளாக் பைண்டிங் 2024 ஏப்ரலில் 6.5உடன் வந்தது. பத்தி, தலைப்பு, படம், பட்டன் ஆகிய பிளாக்குகளை (எடிட்டரில் பக்கத்தைக் கட்டும் துண்டுகள்) ஃபீல்டோடு நேரடியாக இணைக்கும். எடிட்டரிலேயே விலை தெரியும். முதலில் கோடு எடிட்டரில் கையால் எழுத வேண்டியிருந்தது, 6.7இல்தான் கிளிக் செய்து இணைக்கும் வசதி வந்தது. ஃபீல்டை முறையாகப் பதிவு செய்து, ரெஸ்ட் ஏபிஐயில் (எடிட்டர் போன்றவை தளத்தின் தகவலைக் கேட்டு வாங்கும் வழி) காட்ட அனுமதித்திருக்க வேண்டும். பெயர் அண்டர்ஸ்கோரில் (_) தொடங்கும் ஃபீல்டு பாதுகாக்கப்பட்டது என்பதால் அதைத் தொடவே தொடாது. இந்தக் கெடுபிடி எனக்குப் பிடித்திருக்கிறது. அவசரத்தில் எழுதிய ஷார்ட்கோடு எந்த ஃபீல்டைக் கேட்டாலும் எடுத்துக் கொடுத்துவிடும்.

பக்கத்தின் அமைப்பைத் தீர்மானிக்கும் டெம்ப்ளேட் கோப்பில், வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட பிஎச்பி மொழியில் ஒரு வரி எழுதி விலையை எடுப்பதும் உண்டு. கோடு தெரிந்தவருக்கு அது போதும், கடைக்காரருக்கு ஆகாது.

என் தேர்வு: தனியே நிற்கும் விலைக்குப் பைண்டிங், வாக்கியத்துக்குள் வரும் விலைக்கு ஷார்ட்கோடு. அப்புறம் ஒரு சிக்கல். பைண்டிங் ஃபீல்டில் இருப்பதை அப்படியே பத்தி முழுவதற்கும் வைத்துவிடும். வெறும் 320 என்றிருந்தால் பக்கத்தில் மொட்டையாக 320 நிற்கும். சரி என்று ஃபீல்டில் "ரூ. 320" என்று எழுதினால், ஷார்ட்கோடு இருக்கும் வாக்கியம் "லிட்டர் ரூ. 320 ரூபாய்தான்" என்று ஆகிவிடும். நான் ஃபீல்டில் எண்ணை மட்டும் வைத்து, "ரூ." சேர்த்துத் தரும் தனி பைண்டிங் சோர்ஸ் (பைண்டிங்குக்கு மதிப்பைத் தரும் சிறு நிரல்) ஒன்றை எழுதிக்கொள்கிறேன்.