கராகோல், பெலீஸ்: ஏறிப் பார்க்க விடும் மாயா நகரம்

மெக்சிகோவில் பழங்கால மாயா மக்கள் கட்டிய சிச்சென் இட்சா நகரின் பெரிய பிரமிடில் ஏறத் தடை வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். படியேறிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு, மத்திய அமெரிக்க நாடான பெலீஸில் இருக்கும் கராகோலைத்தான் சொல்வேன்.

சான் இக்னாசியோ ஊரிலிருந்து பைன் மரக் காடுகளைத் தாண்டி நெடுந்தூரம் போக வேண்டும். அதனால்தான் கூட்டம் குறைவு.

இங்கே ‘கானா’ என்ற பெரிய பிரமிடு ஒன்றுக்காகவே வரலாம். சுமார் 43 மீட்டர் உயரம். பெலீஸில் மனிதர் கட்டியவற்றில் இன்றும் மிக உயரமானவற்றுள் ஒன்று. படிகள் செங்குத்தானவை, பாதத்தைப் பக்கவாட்டில் வைத்து ஏறுங்கள். உச்சி வந்துவிட்டது என்று மூச்சு வாங்க நின்றால், எதிரே ஒரு முற்றமும் அதைச் சுற்றி மூன்று கோயில்களும் விரிகின்றன! கீழேயிருந்து இப்படியொன்று இருப்பதே தெரியாது. அறைகளில் கல் திண்ணைகள் இன்னும் இருக்கின்றன. சுற்றிலும் கண்ணுக்கெட்டியவரை காடு. எங்கோ ஊளைக்குரங்குகளின் முழக்கம். அங்கிருந்து இறங்கவே எனக்கு மனம் வரவில்லை.

பந்தாட்டக் களத்தையும் தவறவிடாதீர்கள். கி.பி. 562-இல் திக்கால் என்ற இன்னொரு மாயா நகரம் போரில் தோற்றதைச் சொல்லும் கல்வெட்டு அங்கேதான் கிடைத்தது. எங்கள் வழிகாட்டி அதை ஒரே வரியில் சொல்லி நகர்ந்துவிட்டார், எனக்கு அது பெரிய குறை. கிளம்பும் முன்பே, அங்கே எவ்வளவு நேரம் தருவார்கள் என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். மூன்று மணி நேரத்துக்குக் குறைந்தால் வேறு ஆளைப் பாருங்கள். குடிநீரும் சாப்பாடும் கையோடு எடுத்துப் போங்கள்.