ஆர்.வி. பார்க்கில் ஓர் இரவு வாடகை: பேரமா, கார்டா, மாதக் கணக்கா?

"கேட்டா என்னப்பா தப்பு? இல்லேன்னா இல்லேன்னு சொல்லிட்டுப் போறாங்க."

போன அக்டோபரில் டெக்ஸஸ் கடற்கரையோரம் ஒரு சின்ன ஆர்.வி. பார்க்கின் (வீடு மாதிரியான பயண வண்டியை நிறுத்தித் தங்குகிற இடம்) அலுவலக வாசலில் நின்றுகொண்டு அப்பா சொன்னது இது. உள்ளே உரிமையாளர் அம்மா, பார்க்கின் வரைபடத்தில் எங்களுக்கான இடத்தை மஞ்சள் மார்க்கரால் வட்டமிட்டுக்கொண்டிருந்தார். இரவுக்கு 55 டாலர். கொஞ்சம் குறைக்க முடியுமா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே முடியாது என்றார். ஏழு நாள் இருந்தால்? ஆறு நாள் வாடகை போதும், 330 என்றார். 50 ஆம்ப் மின் இணைப்பு வேண்டாம், 30 ஆம்ப் போதும். நேராக நுழைந்து நேராக வெளியே போகிற இடம் வேண்டாம், ரிவர்ஸ் எடுத்து நிறுத்துகிற இடமே போதும் என்றேன். மார்க்கர் வரைபடத்தின் பின்வரிசைக்குப் போனது. 300 டாலருக்குப் பேரம் படிந்தது. இரவுக்கு 43 டாலர்கூட ஆகவில்லை.

ஒற்றை இரவுக்கு விலை குறைத்துக் கேட்பதுதான் இருக்கிற வழிகளிலேயே பலவீனமானது. ஒரு நாள் தங்குகிறவருக்கும் ஏழு நாள் தங்குகிறவருக்கும் உரிமையாளரின் பதிவு வேலையும், இடத்தைச் சுத்தம் செய்கிற வேலையும் ஒன்றுதான். அதோடு ஆர்.வி. பார்க்கில் எல்லோரும் மாலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுகிறவர்கள். எனக்கு 45 என்றால், பக்கத்து இடத்துக்காரர் காலையில் போய் நிற்பார். வார வாடகை என்றோ பின்வரிசை இடம் என்றோ ஒரு காரணம் இருந்தால், உரிமையாளரால் எல்லோருக்கும் பதில் சொல்ல முடியும். அந்தக் காரணத்தை நாம்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

எப்போது கேட்கிறோம் என்பதும் முக்கியம். செவ்வாய், புதன் மதியம் நேராக அலுவலகத்துக்கே போன் செய்வது நல்லது. முன்பதிவுத் தளங்கள் பலவும் உரிமையாளரிடம் கமிஷன் பிடிக்கின்றன. நேரடியாக வருகிறவருக்குக் குறைத்துக் கொடுக்க அவருக்கு இடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம், பின்னால் நாலு வண்டி நிற்கும்போது கேட்பது வீண், அவருக்கும் சங்கடம்.

சரி, கழிவு தருகிற உறுப்பினர் கார்டுகள் எப்படி? குட் சாம் என்கிற ஆர்.வி. சங்கத்தின் உறுப்பினருக்கு அதோடு இணைந்த பார்க்குகளில் 10 சதவீதம் கழிவு. கே.ஓ.ஏ. என்கிற பெரிய முகாம் நிறுவனத்தின் ரிவார்ட்ஸ் திட்டத்திலும் 10 சதவீதம்தான். பாஸ்போர்ட் அமெரிக்கா என்கிற கார்டு பாதி விலை தருகிறது. கேட்க இதுதான் இனிக்கும், ஆனால் நிபந்தனைகள் பார்க்குக்குப் பார்க் மாறும். வார நாளில் மட்டும், இரண்டு இரவுக்கு மட்டும், சீசனில் கிடையாது என்று பலவிதம். ஒருமுறை 200 மைல் ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்த பிறகு, "வெள்ளி, சனி இந்தக் கார்டு செல்லாது" என்றார்கள். பின் சீட்டில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். முழு வாடகை கொடுத்தேன். இப்போதெல்லாம் தேதியைச் சொல்லி, கார்டு செல்லுமா என்று போனிலேயே உறுதி செய்துகொள்கிறேன். வழியில் ஓர் இரவு தங்கிவிட்டுப் போகிற பயணத்துக்குப் பாதி விலைக் கார்டை மிஞ்ச வாய்ப்பேச்சால் முடியாது. ஒரே இடத்தில் ஒரு வாரம் என்றால் கார்டு பெரும்பாலும் உதவாது, பேச்சுதான் உதவும். வார வாடகை மேல் கார்டுக் கழிவையும் சேர்த்துக் கேட்டால் பொதுவாக ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

கே.ஓ.ஏ. போன்ற பெரிய பெயர்களில் பேரமே நடக்காது என்று பலர் நினைக்கிறார்கள். கவுண்டரில் இருக்கும் பையனால் கணினி காட்டும் விலையை மாற்ற முடியாது என்பது உண்மைதான். ஆனால் கே.ஓ.ஏ.வில் பெரும்பாலானவை தனியார் எடுத்து நடத்துகிறவை. உரிமையாளர் இருக்கும் நேரம் கேட்டுப் போனால், நீண்ட தங்கலுக்குப் பேச முடிகிறது.

மாத வாடகைதான் கணக்கில் பெரிய வெட்டு, ஏமாறவும் வாய்ப்பு அதிகம். மாதம் 700 டாலர் என்று வைத்துக்கொண்டால் இரவுக்கு 23 சொச்சம். ஆனால் மாத வாடகையில் மின்சாரம் பெரும்பாலும் சேராது, மீட்டர் பார்த்துத் தனியாக வாங்குவார்கள். டெக்ஸஸ் கோடையில் ஒரு ஏ.சி. ஒன்றரை கிலோவாட் இழுத்து நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் 18 யூனிட், மாதம் 540. யூனிட்டுக்கு 15 சென்ட் என்றாலே 81 டாலர். யூனிட் விலையை முதலிலேயே கேட்டுவிடுங்கள். மீட்டரின் ஆரம்ப எண்ணைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடத்துக்கு மேல் பழைய வண்டியை மாதக் கணக்கில் சேர்க்காத பார்க்குகளும் உண்டு. நல்ல நிலையில் இருக்கிற வண்டி என்றால் படம் அனுப்பினால் பல நேரம் சம்மதிக்கிறார்கள்.

அப்புறம், பேரமே இல்லாத இடங்கள். தேசியப் பூங்கா, வனத்துறை, ராணுவப் பொறியியல் பிரிவின் ஏரிக்கரை முகாம்கள். விலை அரசாங்கம் வைத்தது, ரிக்ரியேஷன்.கவ் தளத்தில் பதிவு செய்தால் ஆயிற்று. ஆனால் 62 வயது நிரம்பிய அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் ஒரு சீனியர் பாஸ் இருக்கிறது. ஆயுளுக்கும் 80 டாலர், ஓராண்டுக்கு 20. இந்த மத்திய அரசு முகாம்களில் பெரும்பாலானவற்றில் தங்கும் கட்டணம் பாதியாகிவிடும். தனியார் குத்தகைக்கு எடுத்து நடத்துகிற முகாம்களில் சில இதை ஏற்பதில்லை. விசிட்டர் விசாவில் வந்திருக்கும் பெற்றோருக்கு இது கிடைக்காது. நம் ஆட்கள் நிறையப் பேர் இதில்தான் ஏமாற்றமடைகிறார்கள். பாஸ் வைத்திருப்பவர் நம்மோடு அங்கே தங்கவும் வேண்டும். பாஸை மட்டும் வாங்கிக்கொண்டு போக முடியாது.

அப்பாவிடம் கிரீன் கார்டு இருக்கிறது. டல்லாஸ் பக்கத்து லூயிஸ்வில் ஏரியின் ஹிக்கரி கிரீக் முகாமுக்குப் போகும்போது பதிவே அவர் பெயரில்தான். பேசாமலே பாதி விலை. என்னைக் கேட்டால், வீட்டில் தகுதியுள்ள பெரியவர் இருக்கிற குடும்பம் வேறெதையும் யோசிக்கும் முன் இதைத்தான் பார்க்க வேண்டும்.

இலவச இடங்களும் உண்டு. நில மேலாண்மைத் துறையின் பொதுநிலத்தில் பெரும்பாலும் 28 நாளில் 14 நாள்வரை தங்கலாம். ஆனால் அவை மேற்கு மாநிலங்களில்தான் அதிகம். தண்ணீர், மின்சாரம் எதுவும் இருக்காது. கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். வால்மார்ட் வாகன நிறுத்தத்தில் தூங்குவது கடை மேலாளரையும் ஊர்ச் சட்டத்தையும் பொறுத்தது. கேட்டுவிட்டு நிறுத்துங்கள்.

எந்த வழியில் போனாலும், வரி, கூடுதல் ஆள் கட்டணம் எல்லாம் சேர்த்தா தனியா, மொத்தம் எவ்வளவு என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கடற்கரை அம்மாவிடம் கிளம்புகிற அன்று, அடுத்த முறைக்காக அதைத்தான் கேட்டேன். வரைபடத்தின் பின்பக்கம் "அக்டோபர், பின்வரிசை, வாரம் 300, வரி தனி" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அப்பா அதை மடித்துத் தன் பாஸ்போர்ட் உறைக்குள் வைத்துக்கொண்டார்.