ஒரே லாரியா, இரண்டு தவணையா: அமெரிக்காவிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர நான்கு வழிகள்

எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் பத்துப் பன்னிரண்டு வருடம் ஓட்டிய நம் ஆட்களில் பலர், கிரீன் கார்டு வரிசை நகராது என்று தெரிந்ததும் சத்தமில்லாமல் கனடாவுக்கு ஒரு விண்ணப்பம் போட்டு வைக்கிறார்கள். வேலைவாய்ப்பு வழி கிரீன் கார்டில் எந்த நாட்டில் பிறந்தவர்களுக்கும் வருடத்துக்கு 7 சதவீதத்துக்கு மேல் பொதுவாகக் கிடையாது என்பதால், இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அந்த வரிசை எப்போது முடியும் என்று சொல்ல ஆளில்லை. ஒரு நாள் கனடா பி.ஆர். என்கிற நிரந்தரக் குடியிருப்பு அனுமதி வந்துவிடும். அப்புறம்தான் வீட்டில் பேச்சு சூடுபிடிக்கும். நியூ ஜெர்சியில் நல்ல வேலை. பெரிய பெண் பள்ளி ஆண்டின் நடுவில் இருக்கிறாள். வாடகை ஒப்பந்தம் முடிய இன்னும் மாதக்கணக்கில் இருக்கிறது. ஆனால் சி.ஓ.பி.ஆர். என்கிற உறுதிக் கடிதத்தில் தேதி போட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் அது மருத்துவப் பரிசோதனை காலாவதியாகும் நாள், அல்லது பாஸ்போர்ட் முடியும் நாள், எது முந்தியதோ அது. அதற்குள் கனடாவுக்குப் போய்ப் பதிந்தாக வேண்டும். அதை நீட்டித்துத் தர மாட்டார்கள்.

ஒரேயடியாகப் போய்விடலாம் என்பது ஒரு கட்சி. எல்லையைத் தொட்டுப் பதிந்துவிட்டுத் திரும்பி வந்து, பிறகு நிதானமாக மாறலாம் என்பது இன்னொன்று. இதைத்தான் 'சாஃப்ட் லேண்டிங்' என்கிறார்கள். "நீ பிள்ளைகளோடு முதலில் போ, நான் பின்னால் வருகிறேன்" என்பது மூன்றாவது. மிச்சிகன் பக்கம் இருப்பவர்களுக்கு மட்டும் நான்காவதாக ஒன்று உண்டு. என் ஓட்டு இரண்டாவதற்கு. ஆனால் இடைவெளி ஒரு வருடத்துக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் இழுத்தால் முதல் வழியே மேல்.

எந்தக் கணக்கு எந்த நாளில் தொடங்குகிறது?

எல்லையில் கடிதத்தை நீட்டிப் பதிந்த அன்றே எல்லாம் தொடங்கிவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பி.ஆர். தகுதியைக் காப்பாற்ற 5 வருடத்தில் 730 நாள் கனடாவில் இருக்க வேண்டும். அந்தக் கணக்கு மட்டும் அன்று தொடங்கும். வரிக் கணக்கு வேறு. கனடா வருவாய் முகமை முதலில் பார்ப்பது வீடு, கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் எங்கே என்பதைத்தான். வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம், மருத்துவ அட்டை எல்லாம் அதற்கு அடுத்த வரிசையில். இரண்டு நாள் நயாகராவில் தங்கிப் பதிந்துவிட்டு நியூ ஜெர்சியின் எடிசனுக்குத் திரும்பிய குடும்பம், வீடும் வேலையும் இங்கேயே இருக்கும்வரை, அதனால் மட்டுமே கனடாவின் வரிக் குடியிருப்பாளர், அதாவது உலக வருமானம் முழுவதையும் கனடாவுக்குக் காட்ட வேண்டியவர், ஆகிவிடாது.

ஒன்டாரியோவின் ஓஹிப் மருத்துவ அட்டை மூன்றாவது கணக்கு. முன்பிருந்த மூன்று மாதக் காத்திருப்பை 2020 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள். அதைக் கேட்டதும் சிலர் பதிந்த கையோடு அட்டையும் வாங்கிக்கொண்டு திரும்பலாமே என்று கிளம்புகிறார்கள். மாகாணத்தில் வாழத் தொடங்கிய நாளிலிருந்து முதல் 183 நாளில் 153 நாள் அங்கேயே இருக்க வேண்டும் என்ற விதி அப்படியேதான் இருக்கிறது. இருக்கப் போவதில்லை என்றால் அட்டைக்குக் கை நீட்டக் கூடாது. குழந்தைகளுக்கான மாதாந்திர உதவித் தொகையும் இதே கதைதான்; அங்கே வரிக் குடியிருப்பாளர் ஆன பிறகு கேட்க வேண்டியது.

ஒரே லாரி

முதல் வழியின் பெரிய வசதி, எல்லாக் கணக்கும் ஒரே தேதியில் தொடங்குவது. வரி, மருத்துவம், பள்ளி என்று எதிலும் "எந்தத் தேதியிலிருந்து?" என்ற கேள்விக்கு ஒரே பதில். கம்பெனிப் பங்குகள் வைத்திருப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. வரிக் குடியிருப்பாளர் ஆகும் நாளில், உங்கள் பெரும்பாலான சொத்துகளை அன்றைய சந்தை விலைக்கு வாங்கியதாகவே கனடா எடுத்துக்கொள்ளும். அதற்கு முன் ஏறிய லாபத்துக்கு அங்கே வரி இல்லை. அந்தத் தேதி குழப்பமில்லாமல் இருப்பது நல்லது.

கஷ்டம் எங்கே என்றால், அங்கே வேலை இல்லாமல் போய் இறங்குவதில். அமெரிக்காவில் பொத்திப் பொத்திச் சேர்த்த கிரெடிட் ஸ்கோர் பொதுவாக எல்லை தாண்டி உடன் வராது. வாடகைக்கு வீடு கேட்டால் வேலைக் கடிதம் கேட்பார்கள், இல்லையென்றால் உத்தரவாதம் கொடுக்க ஆள் கேட்பார்கள். டொரொன்டோ, மார்க்கம், பிராம்ப்டன் வட்டாரத்தில் ஊர்க்காரர்கள் இருப்பது இங்கேதான் உதவும். இன்னொன்று, திரும்பி வரும் கதவு. 2025 செப்டம்பரில் வெளிவந்த அமெரிக்க அதிபரின் அறிவிப்பு, நாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கான புதிய எச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் வைத்தது. பிடிக்கவில்லை என்றால் திரும்பி வந்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டு வேலையை விடுபவர்கள், அதை இப்போது அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியாது.

கையில் கனடா வேலை உறுதியாக இருந்தால், அல்லது இங்கே வேலை போய் எச்-1பி தரும் 60 நாள் அவகாசத்தில் நிற்பவராக இருந்தால், யோசிக்கவே வேண்டாம், இந்த வழிதான்.

தொட்டுவிட்டுத் திரும்புவது

இது வேலையையும் பள்ளி ஆண்டையும் காப்பாற்றித் தரும். காரிலேயே போய் வரலாம் என்பது அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு மட்டுமே வாய்த்த வசதி. பஃபலோ பக்கம் பீஸ் பிரிட்ஜ், நயாகராவில் ரெயின்போ பிரிட்ஜ், டிட்ராய்ட்டில் அம்பாசடர் பிரிட்ஜ், சியாட்டில் பக்கம் பீஸ் ஆர்ச். குடும்பத்தில் முதன்மை விண்ணப்பதாரர் கட்டாயம் கூட இருக்க வேண்டும், அல்லது அவர் முன்பே பதிந்திருக்க வேண்டும். மனைவி பெயரில் விண்ணப்பம் போட்டிருந்தால், அவருக்கு லீவு கிடைக்கும் வாரத்தில்தான் பயணம்.

திரும்பும்போது, பாஸ்போர்ட்டில் குத்திய அமெரிக்க விசா காலாவதியாகியிருந்தாலும், செல்லுபடியாகும் ஐ-94 (அமெரிக்காவில் எதுவரை தங்கலாம் என்ற நுழைவுப் பதிவு) கையில் இருந்தால், கனடாவில் 30 நாளுக்கு மிகாமல் தங்கியவர் பொதுவாக அதை வைத்தே உள்ளே வரலாம். ஒரே ஒரு நிபந்தனையை மறக்கக் கூடாது. அந்தப் பயணத்திலேயே கனடாவில் உள்ள அமெரிக்கத் தூதரகத்தில் புது விசாவுக்கு விண்ணப்பித்தால் இந்தச் சலுகை போய்விடும். ஒரு கல்லில் இரண்டு மாங்காய் என்று இங்கே ஆசைப்படாமல் இருப்பது நல்லது.

பி.ஆர். கார்டை கனடா முகவரிக்குத்தான் அனுப்புவார்கள். 180 நாளுக்குள் முகவரி தராவிட்டால் தனியாக விண்ணப்பித்துக் கட்டணமும் கட்ட வேண்டும். அதனால் அங்கே நம்பகமான ஒரு நண்பர் வீட்டு முகவரியோடு போங்கள். கார்டோ, அதற்குப் பதிலான பயண ஆவணமோ கையில் இல்லாமல் விமானத்தில் கனடாவுக்கு ஏற முடியாது. சொந்தக் காரில் தரை எல்லைக்கு வந்தால் சி.ஓ.பி.ஆர். கடிதத்தையும் பாஸ்போர்ட்டையும் காட்டி நுழையலாம்.

இந்த வழியில் போகிறவர்கள் அசட்டையாக விடுவது பொருள் பட்டியலைத்தான். சுங்கத்தில் பி.எஸ்.எஃப் 186 என்று ஒரு படிவம். குடியேறுகிறவர், ஏற்கெனவே தான் சொந்தமாக வைத்துப் பயன்படுத்திய வீட்டுச் சாமான்களை வரியில்லாமல் கொண்டுவர அது வழி செய்கிறது. இன்று கூடவே கொண்டு வருபவை ஒரு பட்டியல், பின்னால் வரப்போகிறவை இன்னொன்று. பின்னால் வருபவற்றை முதல் நாளிலேயே எழுதிக் கொடுத்து முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். கையில் இரண்டு காகிதத்தோடு டிரங்கில் ஒரு சூட்கேசுடன் வருபவரும் இதைச் செய்யத்தான் வேண்டும். சோபா, கட்டில், டிவி என்று தொடங்கி, வெட் கிரைண்டர் வரைக்கும் எழுதுங்கள். (கிரைண்டரை விட்டுவிட்டுப் போகாதீர்கள். அமெரிக்காவில் வாங்கியதென்றால் அங்கேயும் அதே மின்னழுத்தம்தான், பிளக்கும் அதேதான்.)

நகைதான் நம் குடும்பங்களில் பெரிய அத்தியாயம். 'தங்க நகை, மொத்தமாக' என்று ஒரு வரி எழுதினால் பின்னால் எந்த ஆரம் முன்பே இருந்தது, எது புதிது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒவ்வொன்றாக எடை, கல், மதிப்புச் சான்று, போட்டோ. தாலிச் சங்கிலியில் தொடங்கி அம்மா கொடுத்த வளையல் வரை. ஒரு சனிக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துச் செய்ய வேண்டிய வேலை இது. எல்லைச் சாவடி வரிசையில் காருக்குள் உட்கார்ந்து செய்ய முடியாது. பட்டியல் கொடுத்த பிறகு வாங்கும் எதற்கும் இந்த விலக்கு கிடைக்கும் என்று எண்ணி இருக்க வேண்டாம். கறுப்பு வெள்ளிக்கிழமைத் தள்ளுபடியில் வாங்க நினைத்த டிவியை முன்பே வாங்கிப் பயன்படுத்தியிருக்க வேண்டும், இல்லை கனடாவிலேயே வாங்க வேண்டும். வரியில்லாமல் கொண்டுவந்ததை 12 மாதத்துக்குள் விற்றால் வரி கட்ட வேண்டிவரும்.

இனி இதன் குறை. தொட்டுவிட்டுத் திரும்பியவர்களில் பலர் திரும்பியதோடு சரி. பதவி உயர்வு, போனஸ், அடுத்த பள்ளி ஆண்டு என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். 730 நாள் என்பது கேட்க இளகிய மனசுக்கார விதி மாதிரி இருக்கும். மூன்று வருடம் அமெரிக்காவிலேயே கழித்துவிட்டால் மிச்சம் இரண்டு வருடமும் ஒரு நாள்கூடக் குறையாமல் கனடாவில் இருந்தாக வேண்டும். அம்மாவைப் பார்க்கத் திருச்சிக்குக்கூட நிம்மதியாகப் போய்வர முடியாது. அதனால்தான் ஒரு வருடம் என்று கெடு சொன்னேன். இன்னொன்று, திரும்பி வரப் போகிறவர் அவசரப்பட்டு ஒன்டாரியோ ஓட்டுநர் உரிமம் எடுக்க வேண்டாம். அதை வாங்கும்போது அமெரிக்க உரிமத்தை ஒப்படைக்கச் சொல்வார்கள்.

பாதிக் குடும்பம் அங்கே

மூன்றாவது வழியைக் கணக்குத் தாளில் பார்த்தால் அழகாக இருக்கும். அமெரிக்கச் சம்பளம், கனடாவில் பள்ளி. நடப்பில் இதுதான் அதிகச் சிக்கல். மனைவியும் பிள்ளைகளும் வீடும் கனடாவில் இருந்தால், நியூ ஜெர்சியில் தனியாக அறை எடுத்துத் தங்கும் கணவரையும் கனடா தன் வரிக் குடியிருப்பாளராகப் பார்க்க வாய்ப்பு அதிகம். இரு நாட்டு வரி ஒப்பந்தமும், ஒரு நாட்டில் கட்டிய வரியை இன்னொரு நாட்டில் கழித்துக்கொள்ளும் வசதியும் உண்டு. ஆனாலும் உலக வருமானம் முழுவதையும் காட்டச் சொல்லும் படிவம் வரும். எல்லை தாண்டிய வரி தெரிந்த கணக்காளர் இல்லாமல் அதைத் தொட வேண்டாம். வரியில் இவ்வளவு ஒட்டிக்கொண்டாலும், அமெரிக்கக் கம்பெனிக்கு வேலை செய்யும் அவருடைய நாட்கள் 730-இல் சேராது. கனடாக் குடியுரிமை உள்ள துணையோடு வெளிநாட்டில் இருந்தால் அந்த நாட்கள் சேரும். மனைவியும் பி.ஆர். தான் என்றால் அந்தச் சலுகை இல்லை. எடிசனிலிருந்து டொரொன்டோ எட்டு ஒன்பது மணி நேர ஓட்டம். ஜனவரிப் பனியில் வெள்ளிக்கிழமை இரவு அதை ஓட்டுவதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. பள்ளி தொடங்கும் செப்டம்பரைப் பிடிக்க ஓரிரு மாதம் என்றால் சரி.

வின்சர்

டிட்ராய்ட் வட்டாரத்தில் வேலை என்றால் ஆற்றுக்கு அக்கரையில் வின்சரில் குடியிருந்து தினம் பாலத்திலோ சுரங்கப் பாதையிலோ வேலைக்கு வரலாம். வின்சரிலிருந்து டிட்ராய்ட் மருத்துவமனைகளுக்கு நர்சுகள் நெடுங்காலமாக இப்படித்தான் போய் வருகிறார்கள். எச்-1பி வைத்திருப்பவர் அமெரிக்காவில்தான் இரவு தூங்க வேண்டும் என்று சட்டம் இல்லை. ஒரு நாளின் ஒரு பகுதி கனடாவில் இருந்தாலும் 730 கணக்கில் அது முழு நாள். குடும்பம் ஒன்றாக இருக்கிறது, பி.ஆர். நாட்கள் ஏறுகின்றன, சம்பளமும் நிற்கவில்லை. கனடாவின் உயர்ந்த வரி விகிதம் மட்டும் கையைக் கடிக்கும். டிட்ராய்ட்டில் வேலை உள்ளவருக்கு மற்ற மூன்றையும்விட இதுவே மேல் என்பேன்.

கார்

எந்த வழியானாலும் கார் கடைசிப் பயணத்தில்தான் போகும். அதற்கான வேலையை மட்டும் முன்பே தொடங்க வேண்டும். முதலில் அந்த மாடல் கனடாவில் அனுமதிக்கப்பட்டதா என்று போக்குவரத்துத் துறைப் பட்டியலில் பார்க்க வேண்டும். அமெரிக்கச் சுங்கத்துக்கு 72 மணி நேரம் முன்பே டைட்டில் பத்திரத்தோடு ஏற்றுமதி விவரம் போக வேண்டும். எந்தப் பாலத்தில் எந்த நேரத்தில் அந்த அலுவலகம் திறந்திருக்கும் என்று போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை சாமான் லாரியோடு போய் நின்றால் கார் மட்டும் இந்தப் பக்கமே நிற்கும். கனடாவுக்குள் வந்தபின் 45 நாளுக்குள் பரிசோதனை முடிக்க வேண்டும். காருக்கு இன்னும் கடன் கட்டிக்கொண்டிருந்தால் வங்கியின் அனுமதிக் கடிதம் வேண்டும், அது வர வாரக்கணக்கில் ஆகலாம். குத்தகைக் கார் உங்கள் சொந்தப் பொருளே இல்லை, அதனால் விலக்குப் பட்டியலிலும் சேராது. குத்தகை முடியும் மாதத்தை முதலில் பாருங்கள், வீட்டு ஒப்பந்தத்தை அப்புறம் பார்க்கலாம்.