நாஸ் பெட்டி: படங்கள் பத்திரம், பெயர்கள்தான் இல்லை

மதர்போர்டு பழுதாகி சர்வீஸ் சென்டருக்குப் போயிருந்த எங்கள் வீட்டு நாஸ் பெட்டி (வீட்டு நெட்வொர்க்கில் கோப்புகளைச் சேமித்து வைக்கும் டிஸ்க் பெட்டி) சென்ற வாரம் திரும்பி வந்தது. இதையே வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பதாலும், எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்காததாலும் இதை எழுதுகிறேன். இரண்டு டிஸ்க், ரெய்டு 1 (இரண்டிலும் ஒரே தரவை எழுதும் முறை), பி.டி.ஆர்.எஃப்.எஸ் (டிஸ்க்கில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் கோப்பு முறைமை) என்ற விவரங்களெல்லாம் வாங்க நினைப்பவர்களுக்குத் தெரிந்தவையே என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுவதே நியாயம். ஒவ்வொரு தரவுத் துண்டையும் எழுதும்போதே இந்தக் கோப்பு முறைமை அதற்கொரு செக்சம், அதாவது தரவு பின்னால் மாறிவிட்டதா என்று ஒப்பிட்டுப் பார்க்க உதவும் எண், குறித்து வைக்கிறது. எல்லாத் தரவையும் படித்துச் சரிபார்க்க மாதந்தோறும் ஓடும் ஸ்க்ரப்பில் ஏதேனும் ஒன்று பொருந்தாமற்போனால், மற்ற டிஸ்க்கில் உள்ள நல்ல பிரதியைக் கொண்டு அதைச் சரிசெய்துவிடுகிறது. கேசட்டிலிருந்து மாற்றி வைத்திருந்த அப்பாவின் குரல் பதிவு ஒன்று அப்படித்தான் பிழைத்தது. லாக்கில் அந்தக் கோப்பின் பெயரோடு ‘சரிசெய்யப்பட்டது’ என்ற ஒரே ஒரு வரி இருந்தது, அவ்வளவுதான். சாதாரண எக்ஸ்டெர்னல் டிஸ்க்காக இருந்திருந்தால், கெட்டுப்போனதையே நான் எல்லா பேக்கப்புகளிலும் நகலெடுத்துக்கொண்டிருப்பேன்.

என் ஆத்திரமெல்லாம் இதனுடன் வரும் புகைப்படச் செயலியின் மேல்தான். பழைய ஆல்பங்களை ஸ்கேன் செய்து ஏற்றிய பிறகு, அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் சொல்லச்சொல்ல ஒவ்வொரு படத்துக்கும் குறிப்பு எழுதினேன். “திண்ணையில் இடமிருந்து மூன்றாவது பெரியத்தை, அவர் இடுப்பில் இருப்பது நீ இல்லை, உன் தம்பி” என்பது போன்ற, அம்மாவைத் தவிர வேறு யாராலும் சொல்ல முடியாத விவரங்கள் அவை. பழுதுபார்த்தவர்கள் மென்பொருளைப் புதிதாக நிறுவித் தந்தபோது படங்கள் அத்தனையும் அப்படியே இருந்தன. குறிப்புகள் ஒன்றுகூட இல்லை. “போட்டோ எல்லாம் இருக்கே சார்” என்றார் அங்கிருந்தவர். படக்கோப்புக்குள் இருக்கும் விவரங்களைப் படிக்கவும் எழுதவும் உதவும் எக்சிஃப்டூல் என்ற நிரலைக் கொண்டு ஒரு ஜேபெக் படத்தைத் திறந்து பார்த்தேன்: ஸ்கேன் செய்த தேதியும் ஸ்கேனரின் பெயரும் இருந்தன, விளக்கத்துக்கான இடம் காலியாக இருந்தது. நான் தட்டச்சு செய்த எதையும் அந்தச் செயலி படத்துக்குள் எழுதவேயில்லை. எல்லாவற்றையும் தன்னுடைய தரவுத்தளத்தில் மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறது.

படத்துக்குள்ளேயே விளக்கத்தை எழுதுவதற்கு வழி இல்லாமலில்லை. அதற்கென அடோபி நிறுவனம் 2001இல் கொண்டுவந்த எக்ஸ்.எம்.பி என்ற முறை, 2012இல் ஐ.எஸ்.ஓ என்னும் சர்வதேசத் தரமாகவும் ஆகிவிட்டது. கெட்ட பிட்டைத் தேடித் திருத்தத் தெரிந்த ஒரு பெட்டிக்கு இதைச் செய்யத் தெரியாது என்று சொன்னால் நான் நம்பத் தயாராக இல்லை. வாடிக்கையாளர் வேறு நிறுவனத்துக்குப் போய்விடக் கூடாது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

ரெய்டு பேக்கப் ஆகாது என்பதால் வெளியூரில் அக்கா வீட்டில் ஒரு பிரதி வைத்திருந்தேன். அதில் பழைய தரவுத்தளமும் இருந்தது அதிர்ஷ்டம். அதிலிருந்து குறிப்புகளைப் பிரித்தெடுத்து, எக்சிஃப்டூல் வழியாக ஒவ்வொரு படத்துக்குள்ளும் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். தமிழ் எழுத்துகள் யூனிகோடில் சிதையாமல் ஏறுகின்றன.

நண்பரிடம் வாங்க வேண்டாம் என்றே சொல்லிவிட்டேன். எனக்கு மட்டும், அந்த ஸ்க்ரப் வசதியை விட மனமில்லாததால், இதே பெட்டியில் இன்னும் பெரிய டிஸ்க்குகளைப் போடுவதாக இருக்கிறேன். புகைப்படச் செயலியை நீக்கியாயிற்று.