ஜீப்பில் தீயணைப்பு சிலிண்டரைப் பிடித்து வைக்க ஒரு நல்ல தாங்கி

கம்பத்திலிருந்து குமுளி வழியாக ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் என்னுடையது. வண்டியில் ஒரு கிலோ தூள் நிரப்பிய தீயணைப்பு சிலிண்டர் எப்போதும் இருக்கும். முன்பு அதைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் கிளிப், லோயர் கேம்ப் தாண்டி ஒரு கொண்டை ஊசி வளைவில் பட்டென்று விட்டுவிட்டது. சிலிண்டர் உருண்டு வந்து பிரேக் பெடலுக்கு அடியில் நின்றது. பின்னால் ஒன்பது பெண்கள். இப்போது நினைத்தாலும் உள்ளங்கை வேர்க்கிறது.

அப்புறம்தான் கம்பத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் தானே செய்து விற்கும் தாங்கியை வாங்கினேன். 650 ரூபாய். 3 மில்லிமீட்டர் இரும்புத் தகடு, உள்பக்கம் பழைய டியூப் ரப்பர், முன்னால் ஒரு கொக்கி. கொக்கியை ஒரு விரலால் தட்டினால் சிலிண்டர் கைக்கு வந்துவிடும். முதலில் கொடுத்ததில் பட்டை மேலே ஏறி, சிலிண்டரில் அழுத்தம் காட்டும் மீட்டர் முள்ளை மறைத்தது. சொன்னதும் இரண்டு விரற்கடை இறக்கிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. முள் பச்சையில் நிற்கிறதா என்று இப்போது சீட்டிலிருந்தே தினமும் பார்த்துக்கொள்கிறேன்.

ஒரு மழைக்காலம் ஓடிவிட்டது, சிலிண்டர் அசையவே இல்லை. போல்ட் தலையில் மட்டும் துரு. அண்ணன் பெயின்ட் இன்னொரு கோட் அடிக்க வேண்டும். வாங்குகிறவர்கள் தகரத் தரையில் மாட்டாமல், சீட்டு நிற்கும் சட்டத்திலேயே போல்ட் போடச் சொல்லுங்கள்.