கல்யாண போட்டோக்களைக் காக்கும் ரெய்டு 1: சில வருட அனுபவம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் ஸ்டுடியோ. ஒரு கல்யாணத்துக்கு ரா ஃபைல், வீடியோ எல்லாம் சேர்த்து 300 ஜிபி சர்வசாதாரணமாக வந்துவிடும். ஆல்பம் வீட்டுக்காரர் கைக்குப் போகும்வரை நாங்கள்தான் பொறுப்பு. அதனால் பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் டெபியன் லினக்ஸ் என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டு, இரண்டு 4 டிபி ஹார்ட் டிஸ்க்கை எம்டிஆட்ம் (mdadm) என்ற லினக்ஸ் சாஃப்ட்வேர் வழியாக ரெய்டு 1 ஆக்கி, அதாவது ஒன்றுக்கொன்று நகலாக்கி, ஓட்டுகிறோம். எதை எழுதினாலும் இரண்டிலும் பதியும். 8 டிபிக்குக் காசு கொடுத்து 4 டிபி மட்டும் புழங்குவது வயிற்றெரிச்சல்தான்.

வாங்கும்போதே இரண்டையும் வேறு வேறு கம்பெனியில் எடுத்தேன். ஒரே பேட்ச்சில் வந்தவை அடுத்தடுத்துப் படுத்துவிடக்கூடும். எஸ்எம்ஆர் ரகமும் (தடங்களை ஒன்றின்மேல் ஒன்று லேசாகப் படியும்படி எழுதும் டிஸ்க்) வேண்டாம். ரீபில்ட், அதாவது மாட்டிய புது டிஸ்க்குக்கு எல்லாவற்றையும் திரும்பக் காப்பி எடுப்பது, ஆமை வேகத்தில் போகும்.

போன தை முகூர்த்த நெருக்கடியில் ஒரு டிஸ்க் போய்விட்டது. எடிட்டிங் தம்பிக்கு அது தெரியவே இல்லை, வேலை பாட்டுக்கு ஓடியது. எனக்கு எம்டிஆட்மிடமிருந்து மெயில் வந்தது. நிலையைப் பார்த்தால், இரண்டு 'யூ' (டிஸ்க் ஒழுங்காக ஓடுகிறது என்பதற்கான எழுத்து) இருக்க வேண்டிய இடத்தில் ஒரு 'யூ', பக்கத்தில் வெறும் அடிக்கோடு. கடை சாத்தியதும் புது டிஸ்க்கை மாட்டினேன். விடிவதற்குள் ரீபில்ட் முடிந்தது. 4 டிபிக்கு ஏழெட்டு மணி நேரம் ஆகும். அதுவரை வயிற்றைக் கலக்கும். மிச்சமுள்ள ஒரே டிஸ்க்கை முதலிலிருந்து கடைசிவரை படித்தாக வேண்டுமே, நடுவில் படிக்க முடியாத செக்டர் (டிஸ்க்கின் ஒரு சிறு துண்டு) ஒன்று வந்தால் அங்கேயே சிக்கல். டெபியன் மாதத்தின் முதல் ஞாயிறு தானாக ஓட்டும் சோதனை அந்த மாதிரி செக்டரை முன்கூட்டியே பிடித்துவிடும். சிஸ்டம் மந்தமாகிறது என்று சிலர் அதை நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

இன்னொரு நாள், புதிதாகச் சேர்ந்த பையன் ஒரு வளைகாப்பு ஃபோல்டரையே டெலிட் பண்ணிவிட்டான். "இன்னொரு டிஸ்க்ல இருக்கும்லண்ணே?" என்றான். எப்படி இருக்கும்? இங்கே அழித்தது அங்கேயும் அழிந்துவிட்டது. காப்பாற்றியது பண்ருட்டியில் மச்சான் வீட்டில் இருக்கும் வெளி டிஸ்க். வாராவாரம் காப்பி எடுத்து அங்கே அனுப்பிவிடுவோம். 2024 டிசம்பரில் தென்பெண்ணை வெள்ளம் ஊருக்குள் வந்ததைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரே பெட்டியில் இருக்கும் இரண்டு டிஸ்க்கும் சேர்ந்துதான் நனையும்.

மதர்போர்டோடு வரும் ரெய்டு வசதியை நான் தொடவே இல்லை. எம்டிஆட்ம் என்றால் போர்டு எரிந்தாலும் கவலையில்லை. டிஸ்க்கைக் கழற்றி வேறொரு லினக்ஸ் கம்ப்யூட்டரில் மாட்டிப் படித்துக்கொள்ளலாம்.